பதினேழாம் நிறம்

ஓட்டுநர் இல்லாத முதல் சரக்கு ரயில் துறைமுகத்திலிருந்து கிளம்பிய அன்று, எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் மிக்சரும் காபியும் கொடுத்தார்கள். இருபத்தெட்டுப் பெண்கள், ஒரு பெரிய டிவி, டிவியில் கொடியசைப்பு விழா. தென்வழி சரக்கு ரயில் நிறுவனத்தின் அதிகாரிகள் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ரயிலுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நாங்கள்தான் என்று மேடையில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் போகிறது, எங்களுக்குத் தெரியும்.

என் பெயர் பேச்சியம்மாள். சொக்கனூரணியில் தீப்பெட்டிக் குடோனுக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தக் கூடத்துக்கு நான்தான் மேற்பார்வையாளர். மூன்று வருஷமாக அங்கே நடந்ததைக் கோடு போடும் வேலை என்று ஊரில் சொல்வார்கள். ரயில் எஞ்சினின் நெற்றியில் பொருத்திய கேமரா எடுத்த படங்கள் லட்சக்கணக்கில் வரும். ஒவ்வொரு படத்திலும் தெரிகிற ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு இழுத்து நிறம் பூச வேண்டும். தண்டவாளம் நீலம். கம்பம் பழுப்பு. ஆடு மாடு மஞ்சள். மனிதர்கள் பச்சை. இப்படிப் பதினாறு நிறம்.

பதினேழாவது சாம்பல். கேமராக் கண்ணாடியில் மழைத்துளி நின்றிருந்தாலோ பூச்சி அப்பியிருந்தாலோ அந்த இடத்தில் சாம்பல் பூசுவோம். 'இங்கே பார்க்க ஒன்றுமில்லை, விட்டுவிடு' என்று இயந்திரத்துக்கு அதில் அர்த்தம்.

நான் கறாரான ஆள். ஆட்டுக்கு வால் நுனி விட்டுப்போனால்கூடப் படத்தைத் திருப்பி அனுப்புவேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் என்னைப் பூதக்கண்ணாடி என்று சொல்வது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமையை வைத்துத்தான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

விழாவுக்கு எஞ்சினியர் நவநீதன் வந்திருந்தான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, எங்கள் படங்களை இயந்திரத்துக்குப் புகட்டுவது அவன் பொறுப்பு. கூடவே ஞானதுரை அண்ணாச்சியையும் அழைத்து வந்திருந்தான். இரண்டு வருஷ சோதனை ஓட்டத்திலும் எஞ்சினுக்குள் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் அவர். முந்தின நாளோடு அவருக்கு வேலை முடிந்தது. மேடைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. அதனால் நாங்கள் ஒரு துண்டு வாங்கிப் போர்த்தினோம்.

"இனிமே என்ன செய்யப்போறீங்க அண்ணாச்சி?" என்று கேட்டாள் சுடலைவடிவு. என் கூடத்தில் கோடு போடுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. ஓடைக்கரைக் காலனியிலிருந்து வருகிறவள்.

"வீட்டுல உக்காந்து ஒங்க அத்தைக்கு வெங்காயம் உரிக்க வேண்டியதுதான் தாயி."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இத்தன நாளும் என்ன செஞ்சீங்க? ரயில்தான் தானா ஓடுச்சே?"

"ஒண்ணும் செய்யல. கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும்னு உத்தரவு. ஒரே ஒரு எடத்துலதான் நான் கையக் கட்டல." அவர் மிக்சரில் கடலையைத் தேடி எடுத்து வாயில் போட்டார். "ஓடைக்கரை வளைவு இருக்குல்லா, அதுக்கு ஒரு மைலு முந்தியே ஹாரன நீளமா அடிச்சிருவேன்."

நவநீதன் நிமிர்ந்தான். "நீங்க அடிச்சீங்களா? ஏனுங்க? ஆள் தெரிஞ்சா அதுவே அடிக்குமே?"

அண்ணாச்சி சுற்றியிருந்த பெண்களைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டார். குரலைத் தணித்துக்கொண்டார். "பொம்பளயாளுக ஒதுங்குற எடம் தம்பி. சாயங்காலம் ஆறு, ஆறரை. ஹாரன் கேட்டா எந்திரிச்சு அங்கிட்டுப் பாத்துத் திரும்பி நின்னுக்கிடுவாங்க. நான் ஒரு ஆம்பள. அவங்க உக்காந்திருக்கையில லைட்ட அடிச்சிக்கிட்டு வேடிக்க பாத்துக்கிட்டா போக முடியும்?"

நவநீதன் தலையாட்டிவிட்டுக் காபியை எடுத்தான். அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது.

சோதனை ஓட்டம் ஒவ்வொன்றிலும் இவர் ஹாரன் அடித்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் அவர்கள் எழுந்து நின்றிருக்கிறார்கள். எங்கள் இயந்திரம் இந்த இரண்டு வருஷமும் நின்ற பெண்களை மட்டுமே பார்த்துப் பாஸ் வாங்கியிருக்கிறது. உட்கார்ந்திருக்கிற பெண்ணை அது எங்கேயாவது பார்த்திருந்தால் எங்கள் கூடத்துப் படங்களில்தான் பார்த்திருக்க வேண்டும். அந்தப் படங்களை என்ன செய்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வேலை தொடங்கிய முதல் மாதம். காலை ஆறு மணிக்கு எடுத்த படங்கள் வந்தன. அந்த நேரத்தில் தண்டவாள ஓரம் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொம்பும் பாட்டிலுமாக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தியின் அப்பா படியேறி வந்து, "வயசுப்பிள்ளைகளுக்கு என்ன கருமத்தையெல்லாம் காட்டுதீங்க?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அப்போது வடிவுக்குப் பத்தொன்பது வயது. அவள் திரையில் ஒரு படம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. கோடு போடாமல் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். படத்தில் உட்கார்ந்திருந்தது அவள் அம்மா சீனியம்மா. பச்சைக் கட்டம் போட்ட மில் சேலை. வடிவின் முதுகுக்குப் பின்னால் கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அவள் கையிலிருந்து மவுசை வாங்கி, அந்த உருவத்தின் மேல் சாம்பல் பூசினேன். "அடுத்த படத்துக்குப் போ" என்றேன். பிறகு கூடத்துக்கே பொதுவாகச் சொன்னேன்: "இந்த மாதிரி வந்தா சாம்பல் போட்டுட்டுப் போயிட்டே இருங்க. நமக்கு எதுக்கு அது." அந்தப் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கம்பெனிக்குச் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சரிபார்ப்பில் பிடிபடவும் இல்லை. ஒரே படத்துக்கு இரண்டு பேர் தனித்தனியாக நிறம் பூசுவார்கள், இரண்டும் ஒத்துப்போனால் சரி என்று ஏற்றுக்கொள்ளப்படும். இரண்டு பேரும் என் பேச்சைக் கேட்கிற பிள்ளைகள். எல்லாப் படமும் அச்சாக ஒத்துப்போயின.

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். டிவியில் ரயில் கிளம்பிவிட்டது. மணி ஐந்து இருபது.

"நவநீதா, கொஞ்சம் உள்ள வா. வடிவு, நீயும்."

என் மேஜையில் பழைய படங்களைத் திறந்து காட்டினேன். சாம்பலை எடுத்துவிட்டு, படத்தை மட்டும் இயந்திரத்திடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். அவன் கேட்டான். தண்டவாளம் நீலமாக விழுந்தது. தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த ஆடுகூட மஞ்சளாக விழுந்தது. முப்பதடி தூரத்தில் தண்டவாளத்துக் கல்மேல் உட்கார்ந்திருந்த பெண் சாம்பலாக விழுந்தாள்.

"இதென்னுங்க்கா?" என்றான். இன்னொரு படம். சாம்பல். இன்னொன்று. சாம்பல். பத்துப் படம் பார்த்தான்.

"கண்டுபிடிக்க முடியாம விடுதா?" என்று கேட்டேன். அப்படிச் சொல்ல மாட்டானா என்று இருந்தது.

"அப்படின்னா பிரச்சனையே இல்லைங்க்கா. புரியாத ஒண்ணைப் பார்த்தா சந்தேகப்பட்டு வேகத்தைக் குறைக்கணும்னுதான் அதுக்கு எழுதியிருக்கோம். இது சந்தேகமே படலை. இங்க ஒண்ணுமில்லைன்னு அடிச்சுச் சொல்லுது, தொண்ணூத்தேழு சதவீதம். யாரோ உக்காந்து வேலை மெனக்கெட்டுச் சொல்லிக் குடுத்த மாதிரி."

"நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அதில் கோபம் இல்லை, நம்ப முடியாமல் பார்த்தான். நான் இரண்டு நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வடிவு சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"சரி, பதறாதீங்க," என்றான் அவன், பதறிக்கொண்டே. "அவங்க ஓரத்துலதானே உக்காருவாங்க? பாதை மேல இல்லையே?"

"ரெண்டு நாளா மழை," என்றாள் வடிவு. அவள் குரல் சின்னதாகிவிட்டது. "கரிசல் மண்ணு சார். மழ பேஞ்சா கால வச்சா செருப்போட உருவிக்கிடும். முள்ளுச் செடியையும் போன மாசம் ஒங்க ஆளுகதான் வெட்டிட்டாங்க. இப்ப காஞ்ச எடம்னா தண்டவாளத்துக் கல்லு மட்டுந்தான். எல்லாரும் அதுமேலதான்."

"ரயில் வர்றது தெரிஞ்சா எழுந்திருச்சுருவாங்கல்ல?"

வாசலில் நின்ற ஞானதுரை அண்ணாச்சி சொன்னார்: "அது கரண்டு எஞ்சின் தம்பி. காத்து எதுத்தாப்புல அடிச்சா, பக்கத்துல வர்றவரைக்கும் சத்தமே இருக்காது. லைட்டு தெரியும். லைட்டப் பாத்தா எந்திரிப்பாங்க."

"எந்திரிக்க மாட்டாங்க," என்றாள் வடிவு.

நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்த்தோம்.

"நாலு நாளா ஆட்டோவுல மைக்கு கட்டிச் சொல்லிட்டுப் போறாங்கள்ல, டிரைவர் இல்லாத ரயிலுன்னு. எங்கம்மாவுக்குச் சந்தோசம் தாங்கல. நேத்து ராத்திரி சோறு பெசஞ்சுக்கிட்டே சொன்னா. 'இனிமே ரயிலு லைட்டுக்கு எந்திரிக்க வேண்டாம்ட்டி. உள்ள ஆளே கிடையாதாம். யாரு பாக்கப்போறா'ன்னா." அவள் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, அவளுக்குக் காதும் கேக்காது. முப்பது வருசம் நூல் மில்லுல நின்னவ."

மணி ஐந்து முப்பத்தெட்டு. ரயில் ஓடைக்கரை வளைவுக்கு ஆறு இருபத்தைந்துக்கு வரும்.

ரயிலை நிறுத்துகிற பொத்தான் துறைமுகத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறது. தலைமை அதிகாரி சொன்னால்தான் அழுத்துவார்கள். அவர் மேடையில் இருந்தார். அவர் போன் உதவியாளரிடம் இருந்தது. உதவியாளர், "சார் பேசிட்டிருக்காரு" என்றான். உண்மைதான், டிவியில் அவர் பேசுவது எங்களுக்கே தெரிந்தது. வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே பதினைந்து நிமிஷம் காத்திருந்தோம். இதற்குள் வடிவு பக்கத்து வீடு, எதிர்வீடு என்று நாலு பேருக்குப் போன் அடித்தாள். எந்த வீட்டிலும் எடுக்கவில்லை. ஒதுங்கப் போகிறவர்கள் கையில் சொம்பு இருக்கும், போன் எப்படி இருக்கும்.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு அவர் லைனில் வந்தார். நவநீதன் ஸ்பீக்கரில் போட்டு, குழறாமல் சொல்லி முடித்தான்.

"நவநீதன், இந்த ரயில் சோதனையில எத்தனை ஆட்டுக்கு நின்னிருக்கு தெரியுமா? நாற்பத்தொண்ணு. ஒரு ஆடு சாகலை."

"ஆட்டைப் பத்தி இல்லைங்க சார். உக்காந்திருக்கிற..."

"ரயில் பாதையில உட்காருறதே குற்றம். அதுக்கு நாம எப்படிப் பொறுப்பு? பத்து படத்தை வச்சுக்கிட்டு முதல் ஓட்டத்தை நடுவழியில நிறுத்தச் சொல்றீங்களா? அத்தனை டிவிக்காரனும் இங்க நிக்கிறான். எழுத்துல குடுங்க. நாளைக்குக் காலையில உட்கார்ந்து பேசலாம்."

"அய்யா," என்று நான் குறுக்கே புகுந்தேன். "நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். இப்ப நிறுத்துங்க."

"நீங்க யாரு?"

சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது.

நான் ஸ்கூட்டி சாவியை எடுத்தேன். நவநீதன் கட்டுப்பாட்டு அறைக்கு நேரடியாக அடித்துப் பார்க்கிறேன் என்று போனில் தொங்கினான். ஞானதுரை அண்ணாச்சி படிவரைக்கும் கூடவே வந்தார்.

"தங்கச்சி, நிக்கிற ஆள அது விடாதுல்லா?"

"விடாது."

"அப்ப நீ நில்லு. வளைவு திரும்பினதும் நேர்ப்பாதை. அதுல நடுவுல நில்லு. முக்கா கிலோமீட்டர் இருந்தா அது நின்னுரும். நான் பாத்திருக்கேன்."

நவநீதன் மாடியிலிருந்து கத்தினான். "அக்கா, கையை மேல தூக்கி ஆட்டாதீங்க! அந்த மாதிரிப் படம் நம்மகிட்ட கம்மி! நேரா நில்லுங்க!"

எனக்குச் சொல்லிக்கொடுக்கிறான். எந்த மாதிரிப் படம் எத்தனை இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

வடிவு பின்னால் ஏறிக்கொண்டாள். ஏழு கிலோமீட்டர். தார் ரோடு முடிகிறவரை பறந்தோம். காலனிக்குத் திரும்புகிற மண்பாதையில் இறங்கியதும் கரிசல் தன் வேலையைக் காட்டியது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சேறு அப்பி, வண்டி முக்கி முனகி நின்றேவிட்டது. போட்டுவிட்டு ஓடினோம். செருப்பு முதல் பத்தடியிலேயே போயிற்று. எனக்கு நாற்பத்தேழு வயது, உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு. வடிவு முன்னால் ஓடினாள்.

காலனிக்கு வெளியே வரிசையாக இருபத்துநாலு கழிப்பறைகள் நிற்கின்றன. நீலக் கதவு, வெள்ளைச் சுவர். கட்டி ஆறு வருஷமாகிறது, தண்ணீர்க் குழாய் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. உள்ளே விறகும் ஆட்டுக்குட்டியும் இருக்கின்றன. அதைத் தாண்டித்தான் ரயில்மேடு. மேலே ஏறினோம். மணி ஆறு பதினெட்டு. கருக்கல் இறங்கிவிட்டது.

தண்டவாளத்துக் கல்மேல் ஐந்தாறு பேர் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் சிரிப்பு.

"என்னட்டி வடிவு, டவுனுக்காரியக் கூட்டிக்கிட்டு ஓடியாற? அவளுக்கும் அவசரமோ?"

"எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க! ரயிலு உங்களப் பாக்காது!"

"பாக்காதுன்னுதாண்டி உக்காந்திருக்கோம்."

"நீங்க உக்காந்திருந்தா அதுக்குத் தெரியாது! மேல ஏறிரும்!" வடிவு அழுகையும் கத்தலுமாகச் சொன்னாள். சிரிப்பு நின்றது. ஒவ்வொருத்தராக எழுந்து சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு மேட்டைவிட்டு இறங்கினார்கள்.

"எங்கம்மா எங்க?"

ஒருத்தி வளைவுப் பக்கம் கையைக் காட்டினாள். "பாலத்துக்கிட்ட. அவ எப்பவும் தனியாத்தானே போவா."

அங்கிருந்து முன்னூறு அடிக்கு மேல் இருக்கும். அரை இருட்டில் வெளிர் பச்சையாக ஒரு சின்னக் குவியல் தெரிந்தது. தண்டவாளத்தை ஒட்டி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அதற்கும் அப்பால் வளைவு. வளைவின் மரங்கள் மேல் வெளிச்சம் ஊர்ந்துகொண்டிருந்தது.

வடிவு மேட்டுச் சரிவில் இறங்கி ஒற்றையடிப் பாதையில் ஓடினாள். கல்மேல் ஓட முடியாது, கால் புரளும். ஆனால் சரிவில் ஓடுகிறவளுக்காக ரயில் நிற்காது. தண்டவாளத்திலோ அதன் கல்மேலோ இருந்தால்தான் நிற்கும், அதுவும் நாங்கள் கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்ததுதான். நான் தண்டவாளத்தின் நடுவில் போய் நின்றேன்.

ரயில் வளைவு திரும்பியது. சத்தமே இல்லை. ஒரு வெள்ளை விளக்கு மட்டும்.

நிமிர்ந்து நின்றேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன், பறந்தால் உருவம் குலையும். இரண்டு கையையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்தேன். காலைச் சற்றே அகட்டினேன். இப்படி நிற்கிற மனிதர்களை நாங்கள் நாற்பதாயிரம் பேரைப் பச்சை பூசி அனுப்பியிருக்கிறோம். அந்த நாற்பதாயிரத்தில் ஒருத்தியாக நின்றேன். கண் கூசியது. மூட முடியவில்லை. தாவணி போட்ட நாளிலிருந்து நாலு பேர் பார்வை படாமல் ஒதுங்கி நடக்கப் பழகிய உடம்பு இது. முதல்தடவையாக வாழ்க்கையில், பார், என்னைப் பார், நல்லாப் பார் என்று வாய்விட்டே சொன்னேன்.

வேகம் குறையவில்லை. வெளிச்சம் சீனியம்மாவைத் தொட்டது. அவள் தலையைத் திருப்பி விளக்கைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. அவள் இருந்த நிம்மதி அந்தத் தூரத்திலும் எனக்குத் தெரிந்தது.

அப்போது ஹாரன் அடித்தது.

என்னைப் பார்த்துவிட்டது. தொடர்ந்து பிரேக் பிடிக்கும் அலறல், பெட்டிக்குப் பெட்டி இடிபடும் சத்தம், கல் நடுங்கியது. வடிவு சரிவிலிருந்து மேலே பாய்ந்து அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்து இழுத்தாள். இருவரும் சரிவில் உருண்டது தெரிந்தது. பிறகு விளக்கு என் கண்ணை முழுசாக மறைத்துவிட்டது.

சீனியம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு இன்னும் இருபது தப்படி இருக்கையில் ரயில் நின்றிருந்தது. நானே பிறகு நடந்து பார்த்தேன்.

நான் போனபோது அவள் எழுந்து, சேறு அப்பிய சேலையை உதறிக்கொண்டு, மகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரல். "ஏண்டி இந்தப் பாடு படுத்துத? உள்ள யாருமில்லன்னுதானே சொன்னாங்க?" வடிவு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. நான் எஞ்சினை ஏறிட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. காலி நாற்காலி ஒன்று இருந்தது.

என் போன் அதிர்ந்தது. நவநீதன், பிரேக் பிடிக்கும்போது ரயில் பார்த்த படத்தை அனுப்பியிருந்தான். தூரத்தில் நான், பச்சைக் கோட்டுக்குள். அச்சுப்பிசகாத கோடு. கிட்டத்தில் வடிவு, குனிந்த நிலையிலும் பச்சை. அவள் இரண்டு கைகளும் எதையோ பிடித்து இழுக்கின்றன. கைகளுக்கு நடுவே சாம்பல். படத்துக்குக் கீழே இயந்திரமே எழுதியிருந்தது: பாதையில் ஆள், இரண்டு.

மறுநாள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்னை மேற்பார்வையாளர் பதவியிலிருந்து எடுத்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, எடுக்காமல் விட்டிருந்தால்தான் கேவலம். 'கீழ்மட்டத்தில் நிகழ்ந்த மனிதத் தவறு' என்று தலைமை அதிகாரி அறிக்கை விட்டார். போனில் அவர் பேசியதை அதில் காணோம். இயந்திரம் மறுபடி படித்து முடிக்கும்வரை ஓடைக்கரைக்கு ஒரு மைல் முன்னாலிருந்து ரயில் மாட்டுவண்டி வேகத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே போகும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஞானதுரை அண்ணாச்சி அடிப்பாரே, அதே நீள ஹாரன். அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை, அவர் அடித்ததைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள்.

படிக்க வைப்பதென்றால் சாம்பலை எடுத்துவிட்டுப் பச்சை பூச வேண்டும். பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள். நவநீதன் என்னைச் சாதாரணக் கோடு போடுகிறவளாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டான். ஆனால் இந்தத் தடவை யாரையும் கேட்காமல் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பத்தாம் நாள் மாலை வடிவுடன் காலனிக்குப் போனேன். நீலக் கதவுகளுக்கு முன்னால் பெண்கள் கூடினார்கள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். முதல் சாம்பல் யார் மேல் பூசப்பட்டது என்பதையும் சொன்னேன். முகம் தெரியாது, உருவத்தைச் சுற்றிக் கோடு மட்டும்தான், கோடு போடுகிறதும் பெண்கள்தான் என்றேன். வடிவு ஒவ்வொரு வாக்கியத்தையும் அம்மாவின் காதருகே திருப்பிச் சொன்னாள். ஒருத்தி, "போட்டுத் தொலைங்க, உசுரு முக்கியம்ல" என்றாள். மற்றவர்கள் சீனியம்மாவைப் பார்த்தார்கள்.

சீனியம்மா விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"கோடு போட்டா அது எங்களப் பாக்குமா?"

"பாக்கும்க்கா."

"உக்காந்திருந்தாலும்?"

"உக்காந்திருந்தாலும் பாக்கும்."

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அறுவது வயசாச்சு எனக்கு. பன்னெண்டு வயசுலருந்து ஒவ்வொரு ரயிலுக்கும், ஒவ்வொரு பஸ்ஸு லைட்டுக்கும் எந்திரிச்சு நின்னிருக்கேன். அன்னைக்கு ஒரு நாத்தான் எந்திரிக்காம உக்காந்தேன். சொகமா இருந்துச்சு." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அப்ப இனிமே மறுபடியும் எந்திரிக்கணுமா?"

வேண்டாம், அது வெறும் மிஷின்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முதுகுக்குப் பின்னால் இருபத்துநாலு நீலக் கதவுகள் சாத்திக் கிடந்தன. எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தூரத்தில் ஹாரன் கேட்டது. பதிவு செய்த, நீளமான ஹாரன்.

ரயில்மேட்டில் நாலைந்து உருவங்கள் கருக்கலில் தெரிந்தன. ஒவ்வொன்றாக எழுந்து, சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு, தண்டவாளத்துக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றன. விளக்கு அவர்கள் முதுகின்மேல் மெதுவாக நகர்ந்து போயிற்று. கடைசிப் பெட்டி கடக்கிறவரை யாரும் அசையவில்லை.

உள்ளே யாரும் இல்லை.